யூ.பி.எஸ். கருவியின் மின்சுற்றுப் பலகையைச் சோதித்தலும் மாற்றுதலும்

மின்சாரம் தடைப்படும் வேளையிலும் இடைவிடாது மின்சக்தி அளிக்கும் யூ.பி.எஸ். என்னும் கருவி, இக்காலத்தில் கிராமங்களிலும் பெருவழக்காய் வந்துவிட்டது. கிராம அலுவலகத்துக் கணிப்பொறியும், கோழி வளர்ப்போரின் குஞ்சு பொரிப்பானும் பல இடங்களில் இதனை நம்பியே நடைபெறுகின்றன. குஞ்சு பொரிப்பானில் 21 நாட்கள் ஏறக்குறைய 37.5 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் காக்கப்படல் வேண்டும். ஓரிரவு முழுதும் அது தவறுமாயின் வைத்த முட்டைகள் வீணாகக்கூடும். ஆகையால் இக்கருவி பழுதுறுவது குடியானவருக்குச் சிறு நஷ்டமன்று.

கருவி நின்றவுடன் "போர்டு போய்விட்டது" என்று கூறிப் புதுப் பலகைக்குப் பணம் செலவிடுவோர் பலர். அவற்றுள் பல தருணங்களில் பழுது பலகையில் இருப்பதில்லை. வேறு சிலரோ, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்னும் தைரியத்தில் மூடியைத் திறந்து கையை நுழைத்து அபாயத்திற்குள்ளாகின்றனர். இவ்விரு தவறுகளையும் தவிர்க்கும் வகையை இங்கு விளக்குவோம்.

கருவி வேலை செய்யும் விதம்

சுவர்க் குழியிலிருந்து வரும் 230 வோல்ட் மாறு மின்சாரம், கருவியினுள் நேர் மின்சாரமாக்கப்பட்டுப் பாட்டரியில் சேமிக்கப்படுகிறது. வெளி மின்சாரம் நின்றதும், பலகையிலுள்ள ரிலே என்னும் விசை, பெரும்பாலான சிறு கருவிகளில் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கிற்குள், பாட்டரிப் பக்கம் மாறுகிறது. மாஸ்பெட் எனப்படும் உறுப்புகள் பாட்டரியின் மின்சாரத்தை மாறி மாறித் திறந்து மூடி, விநாடிக்கு 50 சுற்றுள்ள மாறு மின்சாரமாக்க, டிரான்ஸ்பார்மர் அதனை 230 வோல்ட் அளவிற்கு உயர்த்துகிறது. இவ்வேலைகளை நடத்துவது மின்சுற்றுப் பலகையே. எனவே பிளக்கைப் பிடுங்கினும் பாட்டரி இணைந்துள்ளவரை, கருவியின் வெளிக் குழிகளில் 230 வோல்ட் இருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது.

பழுது பலகையில்தானா?

முதலில் கருவியின் பின்புறமுள்ள பியூஸைப் பார்க்க. அது எரிந்திருப்பின் அதே அளவுள்ள பியூஸையே இடுக; கம்பியை முறுக்கி வைத்தல் கூடாது. அடுத்து, பாட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருத்தலும், இணைப்புத் தளர்ந்திருத்தலும் உண்டா எனக் கவனிக்க.

பின்னர், நன்கு மின்னூட்டப்பட்ட பாட்டரியைக் கழற்றிச் சில மணி நேரம் ஓய்வில் வைத்து மல்டிமீட்டரால் அளந்திடுக. 12 வோல்ட் ஈயப் பாட்டரி நல்ல நிலையிலிருப்பின் 12.6 வோல்ட்டிற்குக் குறையாது. எனினும் ஓய்வில் சரியாகக் காட்டும் பாட்டரியும், பாரம் ஏற்றியவுடன் சடுதியில் வீழ்வதுண்டு. ஆதலின் அதே வோல்ட்டும் அதே வகையுமுள்ள நல்ல பாட்டரியொன்றைத் தற்காலிகமாக இணைத்துப் பார்த்தலே உறுதியான சோதனையாகும். கருவி செவ்வையாய் நடக்குமாயின் பலகையின்மீது பெரும்பாலும் குற்றமில்லை.

நல்ல பாட்டரியும் பியூஸும் இருந்தும் கருவி நடவாதிருப்பின், பலகை ஐயத்திற்குரியது. கருகிய நாற்றம், மேற்புறம் உப்பிய கப்பாசிட்டர், கருத்த புள்ளி, கனமான உறுப்புகளின் அடியில் வெடித்த ஈயப்பற்று ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். நம் கிராமங்களில் பல்லி புகுந்து இரு முனைகளின் குறுக்கே மடிந்து கிடத்தலும், எறும்பு கூடுகட்டலும் அரிதன்று.

திறக்குமுன் செய்ய வேண்டுவன

1. கருவியை நிறுத்தி, சுவர்ப் பிளக்கைப் பிடுங்கி, அதனுடன் இணைந்த சாதனங்கள் யாவற்றையும் அகற்றுக.

2. மோதிரம், கைக்கடிகாரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றுக. 12 வோல்ட் உடலைத் தாக்காது எனினும், இரு முனைகளும் உலோகத்தால் சேர்ந்தால் பாயும் மின்னோட்டம் சதையைச் சுட வல்லது.

3. பாட்டரியின் எதிர் முனையை முதலிலும், நேர் முனையை அடுத்தும் கழற்றி, முனைகளை மின்கடத்தா நாடாவால் மூடுக. நீர் ஊற்றும் பாட்டரி எரியும் வாயுவை வெளிவிடுமாதலால், காற்றோட்டமுள்ள இடத்தில், தீயின்றிச் செய்க.

4. பத்து நிமிஷமேனும் காத்திருந்து, பெரிய கப்பாசிட்டர்களின் முனைகளை மல்டிமீட்டரால் அளந்திடுக. சிலவகைக் கருவிகளில் இவை 400 வோல்ட் அளவும் தேக்கி வைத்திருக்கும். எஞ்சிய மின்சாரத்தைச் சில ஆயிரம் ஓம் தடையும் 10 வாட் திறனும் உள்ள ரெசிஸ்டரின் வழியே, உறையிட்ட கம்பிகளால் வெளியேற்றி, மீண்டும் அளந்திடுக. திருப்புளியால் தட்டி வெளியேற்றுதல் உறுப்பையும் கெடுக்கும், ஆளையும் கெடுக்கும்.

மின்சாரம் பாயும் நிலையில் கருவியின் உட்புறத்தைச் சோதித்தல், அத்தொழில் கற்றவர்க்கே உரியது. சில கருவிகளில் பாட்டரியின் முனையும் வெளி மின்சாரத்தோடு தொடர்புற்றிருக்கும் என்பதே காரணம்.

பலகையை மாற்றும் முறை

கழற்றுமுன் ஒவ்வொரு கம்பியும் எங்கு இணைந்துள்ளது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்து, கம்பிகளில் சிறு சீட்டுகளை ஒட்டுக. புதுப் பலகை, கருவியின் மாதிரி எண், வோல்ட்-ஆம்பியர் அளவு, பாட்டரியின் வோல்ட் ஆகிய மூன்றிலும் பழையதற்கு ஒத்ததாதல் வேண்டும். மின்னூட்டும் அளவு மாறுபட்ட பலகை, பாட்டரியைச் சில மாதங்களில் கெடுத்துவிடும்.

பலகையை விளிம்பில் பிடித்தே எடுத்தல் நலம். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் மாஸ்பெட்களை அழிக்கவல்லது. வெப்பம் போக்கும் அலுமினியத் தகடு பொருந்துமிடத்தில் அதற்குரிய பசையையும், மின்கடத்தாத் தாளையும் மறவாது இடுக. திருகுகளும் காப்புத் துண்டுகளும் ஒன்றும் குறையாமல் பழைய இடத்தில் அமைதல் வேண்டும்.

முடித்தபின் நேர் முனையை முதலிலும் எதிர் முனையைக் கடைசியிலும் இணைக்க. அப்போது சிறு பொறி தோன்றுதல் இயல்பே. முனைகளை மாற்றி இணைத்தால் புதுப் பலகை அந்நொடியிலேயே எரிந்துபோகலாம். மூடியைப் பூட்டிய பிறகே வெளி மின்சாரம் தருக. முதலில் சாதாரண விளக்கொன்றை மட்டும் எரியவிட்டு, பிளக்கைப் பிடுங்கிச் சோதித்து, ஒரு மணி நேரம் கண்காணித்த பின்னரே பொரிப்பான் முதலியவற்றை இணைக்கலாம்.

காரணத்தை நீக்குதல்

காரணத்தை நீக்காது பலகையை மட்டும் மாற்றினால் அதுவும் எரியும். பலகைகள் கெடுவதற்கு முக்கிய காரணங்கள் வெப்பமும், தூசியும், மிகுபாரமுமாம். வெப்பம் 10 டிகிரி உயருந்தோறும் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. ஆகையால் கருவியைத் தகரக் கொட்டகையின் கீழும், நெல் மூட்டைகளுக்கிடையிலும் வைத்தலாகாது. சுற்றிலும் காற்றுப் புக இடம் விடுதல் வேண்டும். ஆண்டிற்கு இருமுறை, மேற்கூறியவாறு மின்சக்தி முழுதும் நீக்கி, உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் துடைக்க. பல்லி புகாதவாறு காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய வலையிடலாம்; ஆனால் அவ்வலையில் படியும் தூசியை அடிக்கடி நீக்குதல் வேண்டும். நீர் இறைக்கும் மோட்டாரைச் சிறு யூ.பி.எஸ்.ஸில் இணைத்தல் கூடாது. மோட்டார் புறப்படும்போது அதன் வழக்கமான ஓட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்.

கழித்த பொருள்கள்

பழைய பாட்டரியிலும், பல பலகைகளின் பற்றிலும் ஈயமுண்டு. இவற்றை வரப்பில் எறிதலும், செம்புக்காக எரித்தலும் நிலத்தையும் கிணற்றையும் கெடுக்கும். மண்ணிற் சேர்ந்த ஈயம் எளிதில் நீங்காது. 2022ஆம் ஆண்டு வெளியான மின்னணுக் கழிவு, பாட்டரிக் கழிவு விதிகளின்படி, இவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரைச் சென்று சேருதல் வேண்டும். பழைய பாட்டரியைப் புதியது விற்கும் வியாபாரியிடம் கொடுத்தால் விலையில் குறைத்துக்கொள்வதும் வழக்கம். கிராம உத்தியோகஸ்தர்கள் தங்கள் அலுவலகத்துக் கருவிகளில் இதனை முதலிற் கைக்கொண்டு, பழையவற்றை ஒப்படைத்த தேதியையும், பலகையும் பாட்டரியும் மாற்றிய தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவாராயின், அடுத்த முறை கருவி நிற்கும்போது எதனை முதலிற் சோதிப்பது என்பதை அக்குறிப்பே காட்டும்.