பக்கம் கட்டலாம் வாங்க – 14: அல்வாவைத் தொலைத்த கொம்பு

கடையில் கோதுமை அல்வா தட்டில் ஆவி பறக்கிறது. அந்தக் கடையின் இணையதளத்தில் ‘கோதுமை’ என்று தேடினால், ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்கிறது. விரலால் இரண்டு முறை கீழே தள்ளினால், அதே பக்கத்தில் கோதுமை அல்வா படத்தோடும் விலையோடும் உட்கார்ந்திருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்து இனிப்புக் கடை அது. தளத்தைக் கட்டிக்கொடுத்தவன் நான். காலை ஏழு மணிக்கே கடைக்கார அண்ணாச்சியிடமிருந்து போன். “என்ன தம்பி, கண்ணு முன்னால இருக்க சாமானை இல்லைங்குது உங்க சைட்டு?”

தளத்தை வடிவமைத்தபோது எல்லாக் கட்டங்களையும் ‘லோரம் இப்சம்’ என்ற பொம்மை வாசகத்தால் நிரப்பி அழகு பார்த்திருந்தேன். தமிழைக் கடைசி நாளில்தான் கொண்டுவந்து ஊற்றினேன். அந்த ஒரு சோம்பலுக்கு எத்தனை இடத்தில் விலை கொடுத்தேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

ஒரே ‘கோ’, இரண்டு பிறப்பு

குரோமில் எஃப்12 விசையைத் தட்டினால் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். அதில் ‘கன்சோல்’ பகுதிக்குப் போய், மேற்கோள் குறிக்குள் ‘கோதுமை’ என்று தட்டி, பின்னால் ‘.லென்த்’ சேர்த்துப் பார்த்தேன். 6 என்றது. தளத்தின் பட்டியலில் இருந்த ‘கோதுமை’யை நகலெடுத்து ஒட்டி அதையே கேட்டேன். 7 என்றது. கண்ணுக்கு இரண்டும் ஒரே சொல்தான்.

நமக்கு ‘கோ’ ஓர் எழுத்து. யூனிகோடில் அது ‘க’வும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு எண்கள். அந்த ஓகாரக் குறியையே இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்க முடியும். அப்போது ‘கோ’வுக்கு மூன்று எண்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடும் நிரலோ எண்களைத்தான் ஒப்பிடுகிறது. அண்ணாச்சியின் பழைய விலைப்பட்டியல் அச்சகத்துப் பழைய எழுத்துருவில் அடித்தது. அதில் கொம்பும் காலும் தனித்தனி அச்சு. அதை யூனிகோடுக்கு மாற்றிய கருவி, பிரிந்திருந்ததைப் பிரிந்தபடியே விட்டுவிட்டது. வாடிக்கையாளரின் போன் விசைப்பலகை ஒரே குறியாகத் தட்டியது. இரண்டும் எப்படிச் சந்திக்கும்?

மருந்து ஒரு வரிதான். ஜாவாஸ்கிரிப்டில் ‘நார்மலைஸ்’ என்றொரு செயற்கூறு உண்டு. அதை ‘என்எஃப்சி’ என்ற வகையில் ஓட்டினால், பிரிந்த கொம்பும் காலும் ஒன்றாகிவிடும். தரவுதளத்தில் சேமிக்கும்போது ஒருமுறை, தேடல் பெட்டியில் வந்த சொல்லுக்கு ஒருமுறை என்று இரண்டு வாசலிலும் இதை நிறுத்திவையுங்கள். பைதானிலும் பிஎச்பியிலும் இதற்கு இணையானது இருக்கிறது.

தீராத பிழைகளும் உண்டு. ‘மௌனம்’ என்பதை ஒற்றைக்கொம்பு, ‘ம’, பிறகு ‘ள’ என்ற முழு எழுத்தைப் போட்டு ‘மெளனம்’ என்று அடிப்பவர்கள் ஏராளம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் யூனிகோடு கணக்கில் அது வேறு சொல். நார்மலைஸ் தொடாது. சரி, கொம்புக்குப் பின் ‘ள’ வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக்கு என்று ஒரேயடியாகக் கட்டளை போட்டால், ‘தெளிவு’ சிதைந்துபோகும். ‘ள’வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் பட்டியல் எடுத்து, கண்ணால் பார்த்துத் திருத்துவதே பாதுகாப்பு. ‘ஸ்ரீ’யும் இப்படித்தான். முதல் எழுத்து ‘ஸ’வாகவும் இருக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வாகவும் இருக்கலாம். உங்கள் தளத்துக்கு எது என்று முடிவு செய்து, மற்றதை அதற்கு மாற்றிவிடுங்கள்.

மைசூர்பாகின் வால்

முகப்பு அட்டைகளில் நீளமான பெயர்களை ஒன்பதாவது இடத்தில் வெட்டி மூன்று புள்ளி வைக்கச் சொல்லியிருந்தேன். ‘மைசூர்பாகு’ போய் ‘மைசூர்பாக…’ வந்தது. நம் கணக்கில் மைசூர்பாகு ஐந்தே எழுத்து. நிரலின் கணக்கில் பத்து. ஒன்பதில் வெட்டியதும் கடைசி உகரக் குறி உதிர்ந்துவிட்டது. இதே கத்தி ‘பால்’ என்ற சொல்லின் புள்ளியில் விழுந்திருந்தால் ‘பால’ ஆகியிருக்கும்.

வெட்டுவது வெறும் அழகுக்காக என்றால் அந்த வேலையை சிஎஸ்எஸ்ஸிடம் விடுங்கள். ‘டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ’வில் ‘எலிப்சிஸ்’ போட்டால், சேமித்த சொல் முழுசாகவே இருக்கும். இடம் போதாதபோது மட்டும் திரையில் சுருங்கும். எழுத்தை எண்ணியே ஆகவேண்டிய இடத்தில் ‘இன்டல்.செக்மென்டர்’ என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். ‘தமிழ்’ என்பதை ‘லென்த்’ ஐந்து என்று சொல்லும். இது மூன்று என்று சரியாகச் சொல்லும். இன்றைய முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஜாங்கிரி எங்கே உட்காரும்?

பட்டியலை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால், சாதாரண ‘சார்ட்’ யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் ‘ச’வுக்கு அடுத்து ‘ஜ’. ‘ந’வை ஒட்டி ‘ன’. ‘ர’வை ஒட்டி ‘ற’. ஆகவே சீடைக்கும் தட்டைக்கும் நடுவில் ஜாங்கிரி வந்து நுழைந்தது. முள்ளு முறுக்குக்கு முன்னால் முறுக்கு நின்றது. தமிழ் நெடுங்கணக்கில் ‘ள’ முன்னால், ‘ற’ பின்னால். கிரந்த எழுத்துகள் கடைசியில். அடுக்கும்போது ‘லோக்கேல்-கம்பேர்’ போட்டு, மொழி ‘டிஏ’ என்று குறித்துவிட்டால் போதும். ஜாங்கிரி தன் இடத்துக்குப் போய்விடும்.

சுழியம் ஏன் மூச்சுமுட்டியது?

இனி தோற்றம். ஆங்கிலத்துக்காக வரிகளின் உயரத்தை 1.2 என்று வைத்திருந்தேன். தமிழில் இகர, ஈகாரச் சுழிகள் மேலே ஏறும்; ‘சு’, ‘ழ’, ‘ஞ’ எல்லாம் கீழே இறங்கும். ‘சுழியம்’ என்ற ஒரே பெயரில் இரண்டும் உண்டு. பெட்டியின் உயரமும் இறுக்கமாக இருந்ததால், கீழே வெட்டுப்பட்டு ‘சு’ ‘ச’ ஆகிவிட்டது. ‘லைன்-ஹைட்’ 1.6 முதல் 1.8 வரை வையுங்கள். பெட்டிக்கு உயரத்தை எண்ணால் கட்டாதீர்கள். ‘பேடிங்’ கொடுத்துவிட்டால் அதுவே வளர்ந்துகொள்ளும்.

பொத்தான்களும் அப்படியே. ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்தில் முடிந்த பொத்தானில் ‘கூடையில் சேர்க்கவும்’ என்று எழுதினால் பிதுங்கும். அகலத்தைத் திறந்துவிடுவது பாதி வழி. ‘கூடையில் சேர்’ என்று சுருக்கமாக எழுதுவது மீதி வழி. ஆங்கிலத்தில் தலைப்பைப் பெரிய எழுத்தாக்கி, இடைவெளி விட்டு அழகாக்குவார்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி விட்டால் சொல் எங்கே முடிகிறதென்று கண் தடுமாறும். சாய்வெழுத்தும் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் இல்லை. உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவைக்கும். தமிழில் ஒன்றை உயர்த்திக் காட்ட அளவு, தடிமன், நிறம் மூன்றும் போதும்.

தடிமனிலும் ஒரு சூட்சுமம். எழுத்துருவின் சாதாரண வடிவத்தை மட்டும் இணைத்துவிட்டுத் தடித்த எழுத்துக் கேட்டால், உலாவி இருப்பதையே அப்பித் தடிமனாக்கும். ‘ண’வின் சுழிகள் அடைத்துப்போகும். தடித்த வடிவத்தையும் சேர்த்தே இணையுங்கள்.

எந்த எழுத்துரு உண்மையில் திரைக்கு வருகிறது என்று அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. எழுத்தின் மேல் வலது சொடுக்கில் ‘இன்ஸ்பெக்ட்’ எடுத்து, ‘கம்ப்யூட்டட்’ பகுதியின் அடிவரை இறங்குங்கள். ‘ரெண்டர்டு ஃபான்ட்ஸ்’ என்று ஒரு வரி உண்மையைச் சொல்லும். நான் ஆசையாக இணைத்த எழுத்துருவில் தமிழே இல்லை என்பதும், விண்டோஸின் ‘நிர்மலா’தான் சத்தமில்லாமல் வேலை பார்த்தது என்பதும் அங்கேதான் தெரிந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை. சொந்த சர்வரில் வைத்தால் ‘வாஃப்2’ வடிவில் வையுங்கள். ‘ஃபான்ட்-டிஸ்ப்ளே’யில் ‘ஸ்வாப்’ போட்டால், எழுத்துரு இறங்கும்வரை பக்கம் வெறுமையாக நிற்காது.

தலையில் இரண்டு வரி

பக்கத்தின் தொடக்கக் குறியில் மொழி ‘டிஏ’ என்று எழுதுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுப்பது அதை வைத்துத்தான். அடுத்து ‘சார்செட்’ யுடிஎஃப்-8. இது கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் வரவேண்டும். தமிழுக்குப் பதிலாக, தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’வும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வரிசை கட்டி வந்தால் பயப்பட வேண்டாம். எழுத்து அழியவில்லை. யுடிஎஃப்-8 தரவை யாரோ பழைய ஆங்கிலக் குறியாக்கத்தில் படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வார வேலை

ஸ்ரீரங்கம், மௌனம், ஊறுகாய், கோதுமை, எஃகு, சுழியம், கூட்டுறவுச்சங்கத்தலைவர். இந்த ஏழு சொற்களையும் ஒரு கோப்பில் வையுங்கள். எந்த வடிவமைப்பானாலும் முதல் நாளே லோரம் இப்சத்துக்குப் பதில் இவற்றைப் போட்டுப் பாருங்கள். அடுத்தவர் கட்டிய பக்கத்திலும் பார்க்கலாம்: கன்சோலில் ‘டாக்குமென்ட்.டிசைன்மோட்’ என்பதை ‘ஆன்’ ஆக்கினால், பக்கம் முழுவதும் நோட்டுப் புத்தகம்போல் தட்டித் திருத்தும்படி ஆகிவிடும். பக்கத்தை மீண்டும் ஏற்றினால் பழையபடி.

எல்லாம் சரிசெய்துவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். தேடிப் பார்த்தார். கோதுமை அல்வா வந்தது. ஒரு நொடி மௌனம். “சரி தம்பி, ‘ஹல்வா’ன்னு அடிச்சா?”

வரவில்லை. இதை எந்த நார்மலைஸும் செய்யாது. மறுநாள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வருபவர்கள் எதை எப்படிக் கேட்கிறார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அல்வா, ஹல்வா, அலுவா. சுழியம், சுசியம், சுய்யம். மதியத்துக்குள் இரண்டு பக்கம் நிறைந்தது. தளத்தின் தேடல் பெட்டி இன்றும் அந்த இரண்டு பக்கத்தை வைத்துத்தான் ஓடுகிறது.

அடுத்த வாரம்: போன் எண் கேட்கும் பெட்டியில் எழுத்து விசைப்பலகை ஏன் எழும்புகிறது?

(கட்டுவோம்)