கீழிருந்து மேலே: சிறுவிமானங்களைப் படம்பிடிப்பது குறித்துச் சில குறிப்புகள்

1

பறக்கிற சிறுவிமானம் ஒன்றைத் தரையில் நின்று படம்பிடிப்பது பணமும் ஓய்வும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் இருக்கிற நமக்கு இதில் என்ன வந்தது என்று தோழர்கள் கேட்கலாம். நான் சொல்ல வருவது இதுதான். மேலே போவதைக் கீழே நிற்பவர் நிமிர்ந்து பார்ப்பதும், பார்த்ததைப் பதிவுசெய்து வைத்துக்கொள்வதும் ஓர் அதிகார உறவுக்குள் நிகழ்கிற செயல்கள். யார் யாரைப் பார்க்கலாம், யார் பார்க்கப்படுவதற்கு மட்டுமே உரியவர் என்கிற ஏற்பாடு அந்தச் சின்னச் செயலில் வெளிப்பட்டுவிடுகிறது. அதோடு, இந்தப் படம்பிடிப்பின் நுட்பத்தைக் கற்கும்போது கிடைக்கிற ஒரு பாடம், நம் கழிமுகத்தைப் பற்றி மேலிருந்து எடுக்கப்படும் படங்களையும் வரையப்படும் வரைபடங்களையும் வாசிக்க உதவுகிறது.

முதலில் சொற்களைக் கவனிப்போம். ஆங்கிலத்தில் படமெடுப்பதற்கும் சுடுவதற்கும் ஒரே வினை. நாமும் அதை அப்படியே வாங்கி ‘ஷூட் பண்றோம்’ என்கிறோம். இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. பறப்பதைப் படமாக்கும் முயற்சியே துப்பாக்கி வடிவில்தான் தொடங்கியது. பிரெஞ்சு உடலியல் அறிஞரான எத்தியேன்-ழூல் மாரே, பறவைகள் சிறகடிப்பதை ஆராய 1882இல் ஒரு ‘படத்துப்பாக்கி’யைச் செய்தார். தோளில் வைத்து, குறிபார்த்து, விசையை அழுத்தினால் வினாடிக்குப் பன்னிரண்டு படங்கள் பதிவாகும். முதல் உலகப்போரில் இயந்திரத் துப்பாக்கி போலவே தோற்றம் கொண்ட காமிராக்களை வைத்து விமானப்படை வீரர்களுக்குக் குறிபார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். தோட்டா பட்டதா இல்லையா என்பதைப் படச்சுருள் சொல்லும். பால் விரிலியோ ‘போரும் சினிமாவும்’ என்னும் நூலில் (1984) விரிவாகப் பேசுவது இந்த உடன்பிறப்பு உறவைத்தான்.

தமிழில் நமக்கு ‘எடுத்தல்’ இருக்கிறது, ‘பிடித்தல்’ இருக்கிறது. மீனைப் பிடிப்பதற்கும் படத்தைப் பிடிப்பதற்கும் ஒரே வினை. பிடிக்கிறவன் காத்திருக்க வேண்டும். காற்று, வெளிச்சம், நேரம் எல்லாம் பார்க்க வேண்டும். எதைப் பிடிக்கிறானோ அதன் ஓட்டத்தோடு தானும் ஓடத் தெரிந்திருக்க வேண்டும். சிறுவிமானப் படம்பிடிப்பு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்று எனக்குப் புரியவந்தது வெளிநாட்டில்தான்.

2

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் இங்கிலாந்து போக வாய்த்தது. பெட்ஃபோர்ட்ஷயரில் ஓல்ட் வார்டன் என்கிற கிராமத்தில் பழைய விமானங்களைப் பறக்கும் நிலையிலேயே பராமரித்துவருகிற ஷட்டில்வொர்த் சேகரிப்பு இருக்கிறது. ஓடுபாதை வெறும் புல்தரை. 1909இல் செய்யப்பட்ட பிளெரியோ விமானம் ஒன்று அங்கே இருக்கிறது. காற்று அடங்கிய மாலைகளில் மட்டும் அது தரையைவிட்டுச் சற்றே எழும்பி இறங்கும். டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் ‘மாத்’ ஒன்று 1932 முதல் அதே திடலில் இருக்கிறது. மாத் என்றால் விட்டில். அந்த நிறுவனத்தை நடத்திய ஜெஃப்ரி டி ஹாவிலாண்ட் விட்டில்பூச்சிகள் மேல் ஆர்வம் கொண்டவர். தன் சிறுவிமானங்களுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்.

வேலியோரமாகக் காமிராக்களோடு நூற்றுக்கணக்கானவர்கள். ஓய்வுபெற்ற தொழிலாளிகள், பள்ளிப் பிள்ளைகள், தரையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள். ‘எதற்குப் படம் எடுக்கிறாய்?’ என்று யாரையும் யாரும் கேட்கவில்லை. பார்வையாளர் நிற்கும் கோடு அங்கே வளைந்து போகிறது. விமானம் அந்த வளைவையொட்டிச் சாய்ந்து திரும்பும்போது தரையில் நிற்பவருக்கு அதன் முதுகு தெரிகிறது. கீழே நிற்பவன் வழக்கமாகப் பார்ப்பது வயிற்றை மட்டும்தான். அன்று முதன்முறையாக விமானத்தின் மேல்புறத்தைத் தரையிலிருந்து பார்த்தேன்.

இனி நுட்பம். ஜெட் விமானத்தைப் படம்பிடிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு வைத்து அழுத்தினால் கூர்மையான படம் கிடைத்துவிடும். அதே கணக்கைச் சிறுவிமானத்துக்குப் போட்டால் படம் செத்துப்போகும். காரணம் அதன் மூக்கில் சுழலும் சுழலி. அது நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 40 சுற்று. ஆயிரத்தில் ஒரு வினாடியில் அது திரும்புவது 14 பாகை அளவுதான். ஆகவே படத்தில் சுழலி அசையாமல் நிற்கும். இன்ஜின் அணைந்து வானத்தில் தொங்கும் பொம்மை போலத் தெரியும். 125இல் ஒரு வினாடிக்கு ஷட்டரை இறக்கினால் சுழலி 115 பாகை திரும்பிவிடும். சுழற்சி படத்தில் விழும். 60இல் ஒரு வினாடி என்றால் 240 பாகை. இரண்டு இதழ் கொண்ட சுழலி முழு வட்டமாக, புகைத்தட்டு போல விரிந்துவிடும். கைபேசியில் எடுத்தால் கதை வேறு. அதன் உணரி படத்தை வரிவரியாகப் படிப்பதால் இதழ்கள் வாழைப்பழம்போல வளைந்து, சமயத்தில் தனியே கழன்றும் தெரியும்.

ஷட்டரை இறக்கினால் இன்னொரு சிக்கல் வருகிறது. கை ஆடினால், விமானம் நகர்ந்தால், எல்லாமே கலங்கிப்போகும். இதற்குப் பாதங்களை ஊன்றிக்கொண்டு, இடுப்புக்கு மேல் உடம்பை விமானத்தின் வேகத்தோடு ஒட்டித் திருப்பிக்கொண்டே அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக்கூடாது. வீச்சுவலை வீசுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்துப் படத்தில் ஒன்பது வீணாகும். வெளுத்த வானம் காமிராவின் ஒளிமானியை ஏமாற்றி விமானத்தைக் கரிக்கட்டியாக்கும் என்பதால் ஒளியையும் ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதில் கோட்பாட்டளவில் முக்கியமானது ஒன்று உண்டு. அதிவேக ஷட்டர் கொடுக்கும் படமே துல்லியமானது என்று நினைக்கிறோம். அதில் ஒவ்வொரு திருகாணியும் தெரிகிறது, ஆனால் இயங்குகிற பொருளின் இயக்கம் மட்டும் அழிந்துவிடுகிறது. விமானத்தைப் பறக்கவைப்பது எதுவோ அதுவே படத்தில் இல்லை. கொஞ்சம் காலத்தை உள்ளே அனுமதிக்கிற படம் கலங்கலாக இருந்தாலும் இயக்கத்தைச் சொல்லிவிடுகிறது. துல்லியமும் உண்மையும் ஒன்றல்ல.

3

இந்த விட்டில்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. சென்னையில் முதல் விமானத்தைப் பறக்கவிட்டவர் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜாக்கமோ டி ஆஞ்சலிஸ். சிம்ப்சன் நிறுவனத்தின் பட்டறையில் செய்த விமானத்தை 1910இல் காசு கொடுத்து வந்த கூட்டத்துக்குப் பறந்து காட்டினார். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவந்தது ஒரு ‘பஸ் மாத்’ விமானத்தில். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட்.

ஆனால் துறைமுகத்தை ஒட்டிய வடசென்னைக்கு வானமும் கடலும் வேறு விதமாகவே அறிமுகமாயின. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. ‘அவன் எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டது. மேலே கேட்கும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும் என்பது இந்தப் பகுதியின் பழைய பாடம். இதே போர்க்காலத்தில் பிரிட்டனில் என்ன நடந்தது? விமானங்களை அடையாளம் காணக் குடிமக்களுக்குக் கற்றுக்கொடுக்கவென்றே 1941இல் தனிப் பத்திரிகை தொடங்கினார்கள். நிமிர்ந்து பார்ப்பது அங்கே கடமையாக்கப்பட்டது. ஓல்ட் வார்டன் வேலியோரத்துக் கூட்டம் அந்தக் கடமை பொழுதுபோக்காக மாறியதன் தொடர்ச்சி.

சட்டம் என்ன சொல்கிறது? 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 13ஆம் விதி, அரசு விமான நிலையத்துக்குள்ளும் பறக்கும் விமானத்திலிருந்தும் அனுமதியின்றிப் படமெடுப்பதைத்தான் தடுத்தது. தெருவில் நின்று வானத்தைப் படமெடுப்பவரைப் பற்றி அது பேசவில்லை. 1923ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் விரிவானது. பாதுகாப்பு நிலையங்கள் மட்டுமின்றி நீர்வழி, சாலை, மின்நிலையம் ஆகியவற்றையும் அறிவிக்கை மூலம் ‘தடைசெய்யப்பட்ட இடம்’ ஆக்க அது இடம் தருகிறது. இதற்கு முன்மாதிரியான 1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தை அவர்களே 2023இல் நீக்கிவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். நம்மிடம் காலனியச் சட்டம் அப்படியே இருக்கிறது.

வெளிநாட்டில் காமிரா தூக்கியவர்கள் எல்லா இடத்திலும் தப்பித்துவிடவில்லை. 2001 நவம்பரில் கிரீஸில் விமானங்களைக் குறிப்பெடுத்த 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் உளவாளிகள் என்று கைதானார்கள். 2002 ஏப்ரலில் தண்டனை, நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. இது பொழுதுபோக்கு என்பதையே நீதிமன்றத்துக்கு விளங்கவைக்க வேண்டியிருந்தது. சிறுவிமானம் எப்போதும் அப்பாவி என்றும் சொல்வதற்கில்லை. 2007 மார்ச் 26 அதிகாலை கட்டுநாயக்க தளத்தைத் தாக்கிய புலிகளின் விமானம், செக் நாட்டில் பயிற்சிக்கும் தனியார் பயன்பாட்டுக்குமாகச் செய்யப்படும் நான்கு இருக்கை ஸ்லின் 143. அடுத்து வெளியான புகைப்படங்கள் உலகத் தமிழர் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. பயிற்சி விமானத்தைப் போர் விமானமாக வாசிக்கவைத்ததில் குண்டுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்தப் படங்களுக்கும் உண்டு. ஆக, அரசுகளின் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. அந்தச் சந்தேகம் யார்மேல் விழுகிறது என்பதுதான் கேள்வி.

4

எண்ணூர் வானத்தில் அடிக்கடி தென்படுவது கடலோரக் காவல்படையின் டோர்னியர். இரட்டைச் சுழலி, உயர்ந்த இறக்கை, வெள்ளை உடம்பில் சாய்ந்த கோடு. தாழப் பறக்கும்போது படம்பிடிக்க நல்ல விமானம். ஊர் திரும்பியபின் ஒருநாள் பொதுச்சாலையில், ஒரு பெரிய ஆலையின் மதிலுக்கு வெளியே நின்று பிடித்தேன். காவலாளி வந்துவிட்டார்.

“இன்னா சார், இன்னாத்துக்கு போட்டோ புடிக்கிற?”

“ப்ளேன் போச்சு, அதைப் புடிச்சேன்.”

“அதெல்லாம் புடிக்கக் கூடாது சார். டெலீட் பண்ணிடு.”

“எந்தச் சட்டத்துல இருக்கு?”

“சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது சார். மேலருந்து கேமராவுல பாத்துட்டு எனக்குத்தான் போன் பண்றாங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. மதில் மேல் இருக்கும் காமிரா சாலையில் நடக்கும் எல்லோரையும் நாள்முழுக்கப் பிடிக்கிறது. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சாலையில் நிற்பவன் ஒரு படம் பிடித்தால் அது குற்றத்தின் தொடக்கம். அந்தக் காவலாளியும் அதே காமிராவின் கீழ்தான் நிற்கிறார்.

மேலிருந்து பார்ப்பவர்கள் எண்ணூரை எப்படிப் பார்த்தார்கள்? 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட வேண்டிய நீர்ப்பரப்பாக இருந்தது. பிறகு அதிகாரிகளின் கையில் புழங்கிய வேறொரு வரைபடத்தில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்தக் கழிமுகமே காணோம். 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே சூழலியல் செயல்பாட்டாளர்கள் இதை அம்பலப்படுத்தினார்கள். கழிமுகம் என்பது ஓதம் ஏறுவதும் வற்றுவதுமான இயக்கம். அந்த இயக்கத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ‘காலி நிலம்’. காலி நிலத்தில் சாம்பல் குளம் வெட்டலாம், கிடங்கு கட்டலாம். முகத்துவாரக்குப்பத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: “தண்ணி வத்துன நேரத்துல மேலருந்து பாத்துட்டு தரைன்னு எழுதிக்கிறான் நைனா. ஆறு மணி நேரம் நின்னு பாத்தா தெரியும். நிக்க மாட்றான்.” நின்றுபோன சுழலியின் படமும் அழிக்கப்பட்ட கழிமுகத்தின் வரைபடமும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. வேறுபாடு, முன்னது கற்றுக்குட்டியின் பிழை. பின்னது ஆதாயம் உள்ள பிழை.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. தொடக்கத்தில் வந்த அறிவிப்புகள் பெரிதாகக் கசிவில்லை என்றன. கரையில் கைபேசியில் எடுத்த படங்கள்தான், வாளியால் எண்ணெய்ச் சேற்றை அள்ளிய கரிய கைகள்தான், அந்தச் சொல்லாடலை உடைத்தன. 2023 டிசம்பரில் புயல்மழையோடு எண்ணெய் ஆற்றில் கலந்து கழிமுகத்துக்கு வந்தபோதும், அதே மாதம் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்தபோதும் முதல் சாட்சிகள் குப்பங்களின் கைபேசிகளே.

5

நிமிர்ந்து பார்ப்பதை அரசு எப்போதும் தடுப்பதில்லை. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சிக்கு லட்சக்கணக்கானவர்களை அழைத்தார்கள். போர்விமானங்களைக் கைபேசியில் பிடிக்கச் சொன்னார்கள். வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் செத்துப்போனார்கள். கைதட்டுகிற பார்வைக்கு அனுமதி உண்டு. கணக்குக் கேட்கிற பார்வைக்கு இல்லை. ட்ரோன் வைத்து நாமும் மேலே போகலாமே என்றால், 2021ஆம் ஆண்டு விதிகளின்படி சிவப்பு வலயத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. மேலிருந்து பார்க்கும் உரிமை ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்டது. கீழிருந்து பார்க்கும் உரிமை இன்னும் எந்த விதியாலும் பறிக்கப்படவில்லை, மிரட்டலால்தான் பறிக்கப்படுகிறது.

ஆகவே எழுத்தாளர்களுக்கும் களத்தில் இருப்பவர்களுக்கும் நான் முன்வைப்பது சாதாரணமான ஒரு வேலை. பொதுச்சாலையிலும் கரையிலும் நின்று படம் பிடிப்போம். தடுத்தால் எந்தச் சட்டம், எந்த அறிவிக்கை என்று எழுத்தில் கேட்போம். ஒரே இடத்தில் நின்று, ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும், மழைக்கு முன்னும் பின்னும் எடுப்போம். தேதியும் நேரமும் குறித்து, மூலக் கோப்பை அழிக்காமல் வைப்போம். தலைக்கு மேல் விமானம் போனால் அதையும் சேர்த்துப் பிடிப்போம். எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு தாழ என்று எழுதிவைப்போம். கசிவு நடந்த நாளில் மேலே யார் வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க அது ஒருநாள் தேவைப்படும்.