மணிமாலையும் மாதக் கணக்கும்

மகளிர் உடல்நலம் பற்றிய செய்தி சரியானதாக இருந்தால் மட்டும் போதாது. கேட்பவர் தம் வீட்டில், தம் வேலைகளுக்கிடையே, கையாளக்கூடிய வடிவிலும் அது இருத்தல் வேண்டும். பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையேயுள்ள ராமநகரத்தில் 1950களின் தொடக்கத்தில் நடந்த ஒரு சோதனை இதனை நன்கு விளக்குகிறது.

மைசூர் இத்துறைக்குப் புதியதன்று. 1930ஆம் ஆண்டிலேயே அரசாங்க மருத்துவமனைகளில் கர்ப்பத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறக்க அச்சமஸ்தானம் ஆணையிட்டது. விடுதலைக்குப் பின், மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் கேட்டுக்கொண்டதன்பேரில், உலக சுகாதார ஸ்தாபனம் 1951ல் அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோனை இந்தியாவுக்கு அனுப்பியது. மருந்தோ சாதனமோ வேண்டாத நாட்கணக்கு முறையையே மந்திரி விரும்பினார். தில்லியின் லோதி காலனியும் ராமநகரமும் சோதனைக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டன.

இம்முறையின் அடிப்படை எளியது. அடுத்த மாதவிலக்கு தொடங்குவதற்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன் சூலகத்திலிருந்து ஒரு முட்டை வெளிப்படுகிறது. அது ஒரு நாளுக்கு மேல் உயிருடன் இருப்பதில்லை. விந்தணுவோ பெண்ணுடலில் ஐந்து நாள் வரை உயிர்வாழக் கூடும். ஆகவே முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே கருத்தரிக்கும் நாட்கள். ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னாஸும் 1920களில் தனித்தனியே இதனை நிறுவினர். சிக்கல் ஒன்றுண்டு. 14 நாள் என்பது பின்னோக்கிய கணக்கு. அடுத்த விலக்கு வரும் நாளோ முன்கூட்டித் தெரியாது. சுழற்சி முன்பின்னாகும் பெண்ணுக்குக் கணக்கும் தவறும்.

எழுத்தறியாத பெண்களும் நாட்களை எண்ணுவதற்கு ஸ்டோன் ஒரு மணிமாலையை வகுத்தார். நாளுக்கு ஒரு மணி. மாதவிலக்கு நாட்களுக்கு ஆரஞ்சு, பாதுகாப்பான நாட்களுக்குப் பச்சை, கருத்தரிக்கும் நாட்களுக்குச் சிவப்பு. தினமும் ஒரு மணியைத் தள்ளி வந்தால் போதும். காகிதத்தில் இத்திட்டத்தில் குறை காண்பது அரிது. வீட்டிலோ, இரவில் பச்சையும் சிவப்பும் ஒன்றாகவே தோன்றின. தடவி அறியும்படி மணிகளின் வடிவத்தை மாற்ற வேண்டியதாயிற்று. சிலர் மணியை எதிர்த்திசையில் தள்ளினர். அதைத் தடுக்க ஒரு கொக்கி சேர்க்கப்பட்டது. மாலையை அணிய நாணியவர் உண்டு; மறந்தவர் உண்டு. மணியைத் தள்ளுவதே காப்பு என்று கொண்டு சிவப்பு நாட்களைப் பொருட்படுத்தாதவரும் உண்டு.

இக்கடைசிப் பிழை பின்னாளில் வேடிக்கைக் கதையாகவே சொல்லப்பட்டு வந்தது. அது நியாயமன்று. மணியைத் தள்ளும் செயல் கைக்குப் பழகியது; அதன் காரணம் மனத்தில் பதியவில்லை என்றே கொள்ள வேண்டும். கழுத்தில் அணிவது காக்கும் என்பது தாயத்து அறிந்த கண்ணுக்கு இயல்பான முடிவே. அன்றியும், சிவப்பு நாளில் விலகியிருப்பது மனைவி ஒருத்தியால் ஆவதன்று. மாலை அவள் கழுத்தில். இணங்க வேண்டியவர் கணவர். முறையைக் கற்க விரும்பியவர் பலராயினும் தொடர்ந்து கைக்கொண்டவர் சிலரே.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் மணிமாலையை வேறு வகையில் அமைத்தனர். இதில் 32 மணிகள். மணிகள் நகர்வதில்லை, ஒரு ரப்பர் வளையமே நகர்கிறது. விலக்கின் முதல் நாள் சிவப்பு மணி. 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை வெள்ளை மணிகள். கருத்தரிக்கக் கூடிய அந்நாட்களுக்குரிய மணிகள் இருளில் ஒளிரும். ஏனையவை பழுப்பு. 2002ல் வெளியான ஆய்வின்படி, முறை தவறாது கடைப்பிடித்த 100 பெண்களில் ஓராண்டில் சுமார் 5 பேரும், நடைமுறையில் பயன்படுத்தியோரில் சுமார் 12 பேரும் கருவுற்றனர். இந்தியாவில் இது மாலா சக்ரா என்ற பெயரால் அறிமுகமாயிற்று.

கௌதள்ளி போன்ற சிற்றூரில் இதனை விளக்கும் பணியாளர், மாலையைக் கையில் எடுக்குமுன் சுழற்சியைக் கேட்டறிதல் வேண்டும். 26 முதல் 32 நாட்களுக்குள் அமைந்த சுழற்சிக்கே இது பொருந்தும். அண்மையில் பிள்ளை பெற்றுப் பாலூட்டும் தாய்க்குச் சுழற்சி ஒழுங்காகும்வரை வேறு முறையே தேவை. பால்வினை நோய்களை இது தடுப்பதில்லை. விளக்கும்போது கணவரும் உடனிருக்கட்டும். வெள்ளை மணிகள் எந்நாட்களைக் குறிக்கின்றன என்பதை அவரே எண்ணிக் காட்டும்படி கேட்பது நலம்.