சீட்டு மோசம் என்றால்தான் பேச வேண்டும்

பிரிட்ஜ் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் விடாமல் சொல்வது ஒன்றுதான்: கூட்டாளி டபுள் சொன்னால் பாஸ் சொல்லாதீர்கள்.

பொட்டிப்புரத்தில் என்னிடம் வருகிறவர்கள் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அந்த ஆட்டம் இங்கே சகஜம். அதில் டபுள் என்றால் "உன்னால் முடியாது" என்று எதிராளிக்கு விடும் சவால். பிரிட்ஜில் எதிராளி "ஒரு ஆட்டின்" என்று ஏலத்தைத் தொடங்கி, கூட்டாளி உடனே டபுள் சொன்னால், அவர் பேசுவது உங்களிடம். "எனக்கு ஆட்டின் குறைவு. மற்ற மூன்று இனமும் இருக்கிறது, 12 புள்ளிக்குக் குறையாது. உனக்கு எது நீளம்?" இதுதான் டேக்அவுட் டபுள். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்பது புள்ளிக் கணக்கு.

"ஒண்ணுமே இல்லண்ணே, எதைச் சொல்றது?" என்றான் ஒரு தம்பி. இஸ்பேடில் 8, 6, 4, 2. ஆட்டினில் 9, 5, 3. டைமண்டில் 7, 5, 2. கிளாவரில் ஜாக்கி, 6, 4. மொத்தமே ஒரு புள்ளி. "ஒரு இஸ்பேடு" என்றுதான் சொல்ல வேண்டும். பாஸ் சொன்னால் எதிராளி டபுளோடு ஒரு ஆட்டின் ஆடுவார். ஏழு சுற்று ஜெயித்தாலே அவருக்கு 160. ஒன்பது ஜெயித்தால் 360. அதுவும் வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) இல்லாதபோது. ஒரு இஸ்பேடு ஆடி இரண்டு சுற்று குறைந்தாலும், அவர்கள் டபுள் சொல்லாதவரை, நமக்கு நஷ்டம் 100 மட்டுமே.

அதே நான்கு இஸ்பேடோடு 9 முதல் 11 புள்ளி இருந்தால் ஒரு படி தாண்டி "இரண்டு இஸ்பேடு". 12-க்கு மேல் என்றால் போனஸ் தரும் கேம் அளவுக்கே போகலாம். எந்த இனம் என்று தெளிவில்லாவிட்டால் எதிராளியின் ஆட்டினையே "இரண்டு ஆட்டின்" என்று கேட்கலாம். கூட்டாளிக்கு அது பலத்தின் அடையாளம். நடுவில் எதிராளி ஏதாவது கேட்டுவிட்டால் கட்டாயம் போய்விடும். பலம் இல்லையென்றால் பாஸ் சொல்லலாம்.

நடுவில் இருக்கும் எதிராளி பாஸ் சொன்ன பிறகும் நாம் பாஸ் சொல்ல ஒரே காரணம், ஆட்டினில் ராணி, ஜாக்கி, 10, 9, 8 மாதிரி நீளமாக, கெட்டியாக இருப்பது. பலவீனம் ஒருபோதும் காரணமில்லை.

2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பிரிட்ஜ் ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்ற பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். நான்கு பேரும் ஒரு சீட்டுக்கட்டும் போதும், வாருங்கள்.