எழுத்தெண்ணும் கருவியும் தமிழ் எழுத்தும்

கணினிக் கோப்பினை எண்ணிக் கணக்குரைக்கும் ‘டபிள்யூசி’ என்னும் கட்டளை 1971-இல் யூனிக்ஸ் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. இதனைச் செய்யுளாய்வுக்குக் கொள்வோர் ஒன்றை நோக்குதல் வேண்டும். நம் மாவட்டப் பெயராகிய ‘புதுக்கோட்டை’ என்பதை யு.டி.எஃப்-8 கோப்பில் இட்டு எண்ணச் செய்தால், வரிமுடிவு நீங்கலாகப் பைட்டு 36 என்றும், எழுத்து 12 என்றும் விடை வரும். இலக்கண நெறியிலோ எழுத்து ஆறே. துணைக்குறியையும் புள்ளியையும் ஒருங்குறி தனித்தனியே வைத்தெண்ணுவதே இதற்குக் காரணமாம்.

கட்டளைக்கலித்துறையில் ஒற்று நீக்கி எண்ண, நேரசையில் தொடங்கும் அடி 16 எழுத்தும், நிரையசையில் தொடங்குவது 17 எழுத்தும் பெறும். அக்கணக்கில் இப்பெயர்க்கு நான்கே எழுத்து. ஆதலின் புள்ளிபெற்ற மெய், துணைக்குறி, இடைவெளி ஆகியவற்றை நீக்கிய படியையே கருவியிடம் தருதல் வேண்டும். சொற்கணக்கு இதனினும் ஐயத்திற்குரியது. ‘வந்தானென்றான்’ என்பதும் அதற்கு ஒரு சொல்லே.