தோற்றவர்கள் பெற்றுத் தந்த உரிமைகள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்

வலுவற்ற அரசு மக்களைக் காக்காது. வலுமிகுந்த அரசோ மக்களையே நசுக்கிவிடும். இந்த இக்கட்டுக்கு எழுத்து வடிவில் விடை காண முயன்ற முதல் நாடுகளுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடு. வரலாறு எனக்குப் பாடமன்று. ஆயினும் அந்நாட்டு அரசியல் சட்டம் பிறந்த கதையைப் படித்தபோது, அதை நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள ஆவல் கொண்டேன்.

1776-இல் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரிட்டிஷ் ஆட்சியை உதறின. தங்கள் சம்மதமின்றி வரி விதிக்கப்பட்ட கசப்பு அம்மக்களின் நெஞ்சில் ஆறவில்லை. எனவே 1781-இல் நடைமுறைக்கு வந்த முதல் கூட்டமைப்புச் சட்டம், மத்திய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தையே தரவில்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம்; அவை தராவிட்டால் வாளாவிருக்க வேண்டியதுதான். போர்க்கடன் அடைபடவில்லை. 1786-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடனாலும் வரியாலும் நிலத்தை இழக்கும் நிலைக்கு வந்த உழவர்கள், டேனியல் ஷேஸ் என்னும் முன்னாள் போர்வீரர் முதலியோர் தலைமையில் நீதிமன்றங்களை மூடவைத்தனர். மத்திய அரசு கைகட்டி நின்றது. போஸ்டன் வணிகர்கள் பணம் திரட்டித் தர, மாநிலப் படைதான் கிளர்ச்சியை அடக்கியது.

இதன்பின் 1787-இல் பிலடெல்பியா நகரில் 55 பேராளர்கள் கலந்துகொண்ட மாநாடு, வரியும் படையும் உடைய வலுவான அரசைக் கொண்ட புதிய சட்டத்தை வரைந்தது. நாடு இரு கட்சியாகப் பிரிந்தது.

சட்டத்தை ஆதரித்தவர்கள் கூட்டாட்சியர். அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மாடிசன், ஜான் ஜே ஆகிய மூவரும் 'பப்ளியஸ்' என்னும் புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினர். அதிகாரத்தை மூன்று துறைகளாகப் பிரித்து, ஒன்றை மற்றொன்று தடுக்குமாறு அமைத்தால் கொடுங்கோன்மை தலைதூக்காது. நாடு பெரிதாயின் எந்த ஒரு கூட்டமும் எளிதில் ஆதிக்கம் பெறாது என்பன அவர்களுடைய வாதங்கள். உரிமைப் பட்டியல் தனியே தேவையில்லை என்றார் ஹாமில்டன். பத்திரிகைகளை ஒடுக்கும் அதிகாரமே அரசுக்குத் தரப்படாதபோது, ஒடுக்கக் கூடாது என்று எழுதுவானேன் என்பது அவர் கேள்வி.

எதிர்த்தவர்கள் இதை ஏற்கவில்லை. தொலைவில் இருக்கும் அரசு மக்களை மறந்துவிடும். எழுதிவைக்காத உரிமை நாளடைவில் பறிபோகும் என்று அஞ்சினர். உரிமைப் பட்டியல் இல்லை என்பதை முதன்மைக் குறையாகச் சொல்லி, ஜார்ஜ் மேசன் கையெழுத்திட மறுத்தார். வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றி சொன்மாரி பொழிந்தார்.

ஆயினும் எதிர்த்தவர்கள் தோற்றனர். ஆனால் மயிரிழையில்! 1788-இல் மாசசூசெட்ஸில் 187-க்கு 168. வர்ஜீனியாவில் 89-க்கு 79. நியூயார்க்கில் 30-க்கு 27. இத்தகைய வெற்றியை வைத்துக்கொண்டு எதிர்ப்பைப் புறக்கணிக்க இயலுமா? பட்டியல் தேவையில்லை என்று முன்பு எண்ணிய மாடிசனே 1789-இல் திருத்தங்களை முன்மொழிந்தார். 1791 டிசம்பர் 15-இல் பத்துத் திருத்தங்கள் சட்டமாயின. பேச்சுரிமை, பத்திரிகையுரிமை, சமயவுரிமை, நடுவர் குழு விசாரணை ஆகியவை இவ்வாறு தோற்றவர்களின் அச்சத்திலிருந்து பிறந்தவையே. நம் அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகளுக்கும் இது ஒரு முன்மாதிரியாயிற்று.

எனினும் இக்கதையில் ஓர் இருட்டுப் பக்கம் உண்டு. சுதந்திர முழக்கம் செய்த ஹென்றியும் மேசனும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள். மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைக் கணக்கிடுகையில், ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டது அந்தச் சட்டம். அவர்கள் சார்பில் வாக்களிக்க எந்த மன்றத்திலும் எவரும் இல்லை. உள்நாட்டுப் போரில் மத்திய அரசு வென்ற பிறகு, 1865-இல் வந்த பதின்மூன்றாம் திருத்தமே நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்தது. ஆம், வலுவான அரசும் விடுதலை தரவல்லது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அரசு வரி வாங்கிக் கல்லூரி கட்டியிராவிட்டால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆகவே என் மனம் முதலில் ஹாமில்டன் பக்கமே சாய்ந்தது. ஆனால் 1798-இல் நடந்ததைப் படித்தபோது தயங்கினேன். பேச்சுரிமை சட்டமான ஏழே ஆண்டுகளில், ஆட்சியிலிருந்த கூட்டாட்சிக் கட்சி, அரசைப் பழித்து எழுதுவோரைத் தண்டிக்கச் சட்டம் இயற்றிப் பத்திரிகை ஆசிரியர்களைச் சிறைக்கு அனுப்பியது. 1800 தேர்தலில் மக்கள் அக்கட்சியை வீழ்த்தினர். 1801-இல் அச்சட்டம் காலாவதியாயிற்று.

நீராவிக் கொதிகலனில் அழுத்தம் இல்லையேல் எஞ்சின் ஓடாது. காப்பு வால்வு இல்லையேல் கொதிகலன் வெடிக்கும். கொடுக்கும் கைக்குப் பறிக்கவும் வலுவுண்டு. அக்கையை வெட்டிவிட வேண்டியதில்லை. அதன்மீது வைத்த கண்ணை எடுக்காதிருந்தால் போதும். அந்தக் கண் நம்முடையதாக இருக்கட்டும், நண்பர்களே!