ரேடியோ முதல் ரீல்ஸ் வரை: வரவேற்பறைக்கு வந்த வாத்தியார்கள்

வீட்டுக்குள் எந்தப் பெட்டி புதிதாக வந்தாலும், கூடவே ஓர் உடற்பயிற்சி வாத்தியாரும் வந்துவிடுகிறார். கடந்த நூறு ஆண்டுகளின் வீட்டு உடற்பயிற்சி வரலாறே இதுதான்.

முதலில் வந்தது ரேடியோ. 1925-ல் அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் காலை நேர உடற்பயிற்சியை வானொலியில் ஒலிபரப்பத் தொடங்கியது. பாலிசி எடுத்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தால் நிறுவனத்துக்கும் லாபம்தானே! அதைப் பார்த்து ஜப்பானின் அஞ்சல் ஆயுள் காப்பீட்டுத் துறை 1928-ல் தொடங்கியதுதான் 'ரேடியோ தைசோ'.

அடுத்து டி.வி. 1951-ல் சான்ஃபிரான்சிஸ்கோவின் உள்ளூர் சேனல் ஒன்றில் ஜாக் லலேன் தோன்றினார். வீட்டில் இருக்கும் நாற்காலியையே கருவியாக்கி, இல்லத்தரசிகளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். 1959-ல் அமெரிக்கா முழுக்கப் பரவிய நிகழ்ச்சி, 1985 வரை ஓடியது. 2011-ல் இறந்தபோது லலேனுக்கு வயது 96.

வீடியோ கேசட் வந்ததும் வாத்தியார் மாறினார். நடிகை ஜேன் ஃபோண்டாவின் பயிற்சி கேசட் 1982-ல் வெளியானது. சினிமா கேசட்டை வாடகைக்கு எடுத்து, ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். உடற்பயிற்சி கேசட் தினமும் வேண்டுமே! அதனால் மக்கள் அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அதைப் போட்டுப் பார்க்க வி.சி.ஆரையும் வாங்கினார்கள். ஃபோண்டாவின் கேசட்டுகள் மொத்தம் 1.7 கோடி விற்றன. ஜிம் என்றாலே ஆண்கள் இடம் என்றிருந்த காலத்தில், யாருடைய பார்வையும் படாமல் வியர்க்க வியர்க்க ஆட முடிந்தது பெண்களுக்குப் பெரிய விடுதலை.

அதன்பின் வேகம் கூடியது. 2007-ல் நின்டெண்டோவின் 'வீ ஃபிட்' உடற்பயிற்சியை வீடியோ கேமாக்கியது. கொரோனா ஊரடங்கில் பெலோட்டான் நிறுவனத்தின் இணையத்தோடு இணைந்த உடற்பயிற்சி சைக்கிளுக்கு ஆர்டர்கள் குவிந்தன. ஊரடங்கு முடிந்ததும் மவுசு சரிந்து, 2022 பிப்ரவரியில் அந்நிறுவனம் சுமார் 2,800 பேரை வேலையிலிருந்து நீக்கியது. இன்றைய வாத்தியார் செல்போனில், ரீல்ஸுக்குள் இருக்கிறார்.

நிலைத்தது எது?

இத்தனைக்கும் நடுவே, 'ரேடியோ தைசோ' இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சில ஆண்டுகள் நின்றுபோய், 1951-ல் மீண்டும் தொடங்கியது. தினமும் காலை 6.30 மணிக்கு ஜப்பானின் என்.எச்.கே. வானொலியில் பியானோ இசை ஒலிக்க, பூங்காக்களில் முதியவர்கள் கை வீசுகிறார்கள். கோடை விடுமுறையில் குழந்தைகள் வந்து, அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு போகிறார்கள். கருவி வேண்டாம், காசு வேண்டாம். ஒரு சுற்று மூன்று நிமிடம்தான். குறித்த நேரம், கூடச் செய்ய நாலு பேர், பாட்டியாலும் முடிகிற எளிமை... வாங்கி வைக்க வேண்டிய எந்தக் கருவியாலும் தர முடியாதவை இவை.

நமக்கும் இப்படியொரு பழக்கம் அவசரத் தேவை. 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. 2000-ல் இது சுமார் 22 சதவிகிதம்தான். ஆண்களைவிடப் பெண்களின் நிலை மோசம்.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது அதிகமில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு. வேக நடையே போதும். தசைகளுக்கு வாரம் இரண்டு நாள் வேலை. நம் தாத்தாக்கள் எடுத்த தண்டாலும் பஸ்கியும் அதற்குத்தான். 65 வயதைத் தாண்டியவர்கள், விழாமல் இருக்க, சமநிலைப் பயிற்சியை வாரம் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதய நோயோ மூட்டுவலியோ இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

அடுத்த பெட்டி வரும். அதில் புது வாத்தியாரும் வருவார். பிடித்திருந்தால் அவரோடு ஆடுங்கள். ஆனால், கருவி வாங்குவதற்கு முன்னால் நேரத்தைக் குறியுங்கள். வீட்டில் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் அமைந்துவிட்டால், எந்தப் பயிற்சியும் பலன் தரும்.